ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ஒரு மீட்டர்: சர்க்யூட்ட அளந்து பாத்து புரிஞ்சுக்கலாம் வாங்க

வோல்டேஜ் ஈக்வல்டு கரண்ட் இன்டு ரெசிஸ்டன்ஸ்ங்கற ஓம் விதிய, அதாவது வி ஈக்வல்டு ஐ ஆர்னு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவோம், ஆனா எரியாத ஒரு சின்ன லைட்ட கையில குடுத்து ஏன் எரியலன்னு கேட்டா பேட்டரிய மாத்திப் பாப்போம், ஒயர ஆட்டிப் பாப்போம், ரெண்டு தட்டு தட்டுவோம், அதோட சரி. ஃபார்முலா தெரியும், அந்த ஃபார்முலா சர்க்யூட்ல எந்த இடத்துல உக்காந்திருக்குன்னு தெரியாது, அதான் பிரச்சனை.

இதுல ரெண்டே ரெண்டு விஷயம் மனசுல பதிஞ்சா போதும். கரண்ட் வழியில எங்கயும் தீர்ந்து போறதில்ல. வோல்டேஜ்ங்கறது ஒரு இடத்துல இருக்கற சமாச்சாரம் இல்ல, எப்பவும் ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்கற வித்தியாசம். படிக்கும்போது ஓ சரின்னு தலையாட்டிட்டு போயிடுவோம், ஆனா மீட்டர வச்சு நாமளே அளந்து பாத்தாதான் இது உள்ள இறங்கும். அதனால இத படிச்சுட்டு மூடி வைக்காதீங்க, சாமான எடுத்து வச்சுக்கிட்டு செஞ்சுக்கிட்டே படிங்க.

என்னென்ன வேணும்

9 வோல்ட் பேட்டரி ஒண்ணு, அதோட தலையில மாட்டற கிளிப் ஒண்ணு, சாமான சொருகி சர்க்யூட் போடற சின்ன பிரெட்போர்டு, அதுல இடத்துக்கு இடம் சேர்க்க ஜம்பர் ஒயர் கொஞ்சம், 5 மில்லிமீட்டர் சைஸ் சிவப்பு எல்இடி அஞ்சாறு, வெள்ளை எல்இடி ஒண்ணு, கரண்ட்ட மட்டுப்படுத்தற ரெசிஸ்டர்ல 470 ஓம் ஒரு நாலு, 1 கிலோ ஓம் ரெண்டு, 10 கிலோ ஓம் ஒண்ணு, அப்புறம் வோல்டேஜ், கரண்ட், ஓம் மூணையும் அளக்கற ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மீட்டர் இல்லாம இத பண்ணாதீங்கன்னே சொல்லுவேன். லைட் எரிஞ்சுதா எரியலையான்னு மட்டும் பாத்துட்டு இருந்தா அது விளையாட்டு, அளந்தாதான் பாடம்.

லித்தியம் பேட்டரிய இதுக்கு எடுக்காதீங்க. தெரியாத்தனமா ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டா சாதாரண 9 வோல்ட் பேட்டரி சில ஆம்பியர் குடுத்து சூடாகும், அவ்வளவுதான். லித்தியம் செல்லுக்கு உள் ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி, அது எக்கச்சக்கமா கரண்ட்ட கொட்டி தீப்பிடிக்கற அளவுக்குப் போயிடும். கத்துக்கற கட்டத்துல அது வேண்டாம்.

ரெசிஸ்டர்ல கலர் பட்டை பாக்கறது சுலபம்தான். மஞ்சள், ஊதா, பழுப்புன்னு வந்தா 4, 7, அப்புறம் ஒரு சைபர், ஆக 470. பழுப்பு, கறுப்பு, சிவப்பு வந்தா 1, 0, ரெண்டு சைபர், 1000, அதாவது 1 கிலோ ஓம். கடைசியில தங்கக் கலர் இருந்தா 5 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம்னு அர்த்தம், 470-ன்னு போட்டது 447-லயும் இருக்கும் 493-லயும் இருக்கும். சில ரெசிஸ்டர்ல அஞ்சு பட்டை இருக்கும், அதுல முதல் மூணும் நம்பர். கலர் சரியா தெரியலன்னா குழம்பிக்காம மீட்டர ஓம் பக்கம் திருப்பி அளந்துடுங்க, ஆனா சர்க்யூட்ல இருந்து வெளிய எடுத்து தனியா அளக்கணும்.

பிரெட்போர்டு உள்ள என்ன இருக்கு

புதுசா ஆரம்பிக்கறவங்க பாதிப் பேர் தடுக்கி விழற இடம் இதுதான், கொஞ்சம் நிதானமா பாருங்க. நடுவுல ஒரு பள்ளம் ஓடும். பள்ளத்துக்கு ஒரு பக்கம் ஒவ்வொரு வரிசையிலயும் 5 ஓட்டை இருக்கும், அந்த 5 ஓட்டையும் உள்ளுக்குள்ள ஒரே மெட்டல் கிளிப்பால சேர்ந்திருக்கு. எலெக்ட்ரிக்கா பாத்தா அந்த அஞ்சும் ஒரே இடம்தான். பள்ளத்தத் தாண்டினா அது வேற கிளிப், ஒட்டு கிடையாது. ஓரத்துல சிவப்பு கோடு நீலக் கோடு போட்டு நீளமா ஓடுறது பவர் லைன், அது நீளவாட்டத்துல ஒண்ணா சேர்ந்திருக்கும். ஆனா சில பெரிய போர்டுகள்ல அது பாதியில வெட்டி விட்டிருக்கும், கோடு நடுவுல விட்டுப் போயிருந்தா அதான் அடையாளம், ஒரு ஜம்பர் போட்டு சேர்த்துக்கணும்.

ஒரு ரெசிஸ்டரோட ரெண்டு காலையும் ஒரே வரிசையில சொருகிட்டீங்கன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ரெசிஸ்டர் அங்க இருக்கு, கண்ணுக்கும் தெரியுது, ஆனா கரண்ட்டுக்கு அது இல்லவே இல்ல, ஏன்னா ரெண்டு காலும் ஒரே மெட்டல் கிளிப்ல இருக்கு, கரண்ட் கிளிப் வழியாவே போயிடும். அப்புறம் எல்இடி நேரா 9 வோல்ட்ட வாங்கிக்கிட்டு ஒரு மின்னல் மின்னிட்டு போய்ச் சேர்ந்துடும். மாட்டினதும் ஒரு செகண்ட் பளிச்னு எரிஞ்சு செத்துப்போச்சுன்னு யாராவது சொன்னா முதல்ல இந்த வரிசையத்தான் பாக்கணும்.

முதல் சர்க்யூட்

பேட்டரி கிளிப்போட சிவப்பு ஒயர சிவப்பு லைன்லயும் கறுப்பு ஒயர நீல லைன்லயும் சொருகுங்க, பேட்டரிய இப்பவே மாட்ட வேண்டாம். 470 ஓம் ரெசிஸ்டரோட ஒரு கால் சிவப்பு லைன்ல, இன்னொரு கால் 10-ஆவது வரிசையில. சிவப்பு எல்இடியோட நீளமான கால் அதே 10-ஆவது வரிசையில, குட்டைக் கால் 11-ஆவது வரிசையில. 11-ல இருந்து ஒரு ஜம்பர் நீல லைனுக்கு. விரலால ஒரு தடவ தொட்டுக்கிட்டே போங்க: பேட்டரி பிளஸ், சிவப்பு லைன், ரெசிஸ்டர், 10, எல்இடி, 11, நீல லைன், பேட்டரி மைனஸ். எங்கயும் விரல் தூக்காம சுத்தி வந்துட்டீங்கன்னா வட்டம் முழுசா இருக்கு. இப்ப பேட்டரிய மாட்டுங்க.

எரியும். எரியலன்னா எல்இடிய திருப்பிப் போடுங்க, அது ஒரு பக்கம்தான் கரண்ட்ட விடும். கால வெட்டிட்டதால நீளம் தெரியலன்னா அடிப்பக்க விளிம்ப தடவிப் பாருங்க, ஒரு இடத்துல தட்டையா சீவின மாதிரி இருக்கும், அது மைனஸ் பக்கம்.

470 எதுக்குன்னு கேக்கணும், கேக்காம போனா இது சமையல் குறிப்பு மாதிரி ஆயிடும். சிவப்பு எல்இடி எரியும்போது அதோட ரெண்டு காலுக்கு நடுவுல கிட்டத்தட்ட 2 வோல்ட் நிக்கும். கரண்ட் கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் அது பெருசா மாறாது, அது எல்இடியோட குணம். பேட்டரி 9, எல்இடி 2 எடுத்துக்கிச்சு, மீதி 7 வோல்ட்ட ரெசிஸ்டர்தான் தாங்கியாகணும், வேற ஆள் அங்க கிடையாது. 7-ஐ 470-ஆல வகுத்தா 0.0149 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 15 மில்லி ஆம்பியர். இந்த சைஸ் எல்இடிக்கு பொதுவா 20 மில்லி ஆம்பியர் வரைக்கும்தான் தொடர்ந்து குடுக்கலாம். ஆக 15 பாதுகாப்பான இடம்.

கவனிச்சீங்களா, ஃபார்முலால 9-ஐ தூக்கிப் போடல, 7-ஐத்தான் போட்டோம். ஓம் விதிய எந்தப் பொருளுக்குப் போடறீங்களோ அந்தப் பொருளோட ரெண்டு முனைக்கு நடுவுல இருக்கற வோல்டேஜைத்தான் போடணும். பரிச்சையில மார்க் போறது முதல் எல்இடி போறது வரைக்கும் நிறைய இந்த ஒரு இடத்துலதான். ஜார்ஜ் ஓம் 1827-ல இத வெளியிட்டார், அன்னிக்கி அவர் கையில இப்ப இருக்கற மாதிரி மீட்டரெல்லாம் இல்ல, நமக்கு இருக்கு.

இப்ப மீட்டர எடுங்க

மீட்டரோட வர்ற முனை வச்ச ஒயர்தான் புரோப். கறுப்பு புரோப காம்னு (COM) எழுதின ஓட்டையில, சிவப்பு புரோப வோல்ட், ஓம் ரெண்டுக்கும் பொதுவான ஓட்டையில சொருகுங்க. குமிழ டிசி வோல்டேஜ் பக்கம் திருப்புங்க, ஒரு நேர்கோடும் அதுக்குக் கீழ புள்ளிக்கோடும் போட்டிருக்கும். கையால ரேஞ்ச் மாத்தற மீட்டர்னா 20-ல வைங்க.

மூணு அளவு எடுக்கணும். முதல்ல சிவப்பு லைனுக்கும் நீல லைனுக்கும் நடுவுல, அது பேட்டரி. புது பேட்டரின்னா 9-க்கு மேலயே கொஞ்சம் காட்டும். அடுத்தது ரெசிஸ்டரோட ரெண்டு கால்ல, 7 சுத்தி வரும். கடைசியா எல்இடியோட ரெண்டு கால்ல, 2 சுத்தி வரும். பின்னாடி வந்த ரெண்டையும் கூட்டுங்க, முதல் நம்பர் வந்து நிக்கும். புள்ளிக்குப் பின்னாடி கடைசி இலக்கத்துல கொஞ்சம் தள்ளலாம், அது மீட்டரோட கணக்கு. பேட்டரி எவ்வளவு குடுத்துச்சோ அவ்வளவும் வட்டத்துல இருக்கறவங்க பங்கு போட்டுக்கிட்டாங்க, கூடவும் இல்ல குறையவும் இல்ல. கிர்ச்சாஃப் 1845-ல எழுதி வச்ச விதி இதுதான். பேர கேட்டா பயமா இருக்கும், விஷயம் கூட்டல் கணக்கு.

இன்னொண்ணு பாருங்க, நீல லைன்லயே ரெண்டு புரோபையும் வைங்க, ஒரு கோடியில ஒண்ணு மறுகோடியில ஒண்ணு. 0 காட்டும். கரண்ட் அந்த வழியாத்தான் போகுது, ஆனா வோல்டேஜ் 0. கரண்ட் போற இடத்துலல்லாம் வோல்டேஜ் காட்டணும்னு ஒண்ணும் இல்ல. நல்ல ஒயர்ல ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட இல்ல, அதனால அதுக்கு ரெண்டு முனைக்கும் வித்தியாசமும் இல்ல. இந்த 0-வ மறந்துடாதீங்க, கொஞ்சம் கீழ ரிப்பேர் பாக்கும்போது இது பெரிய ஆயுதம்.

கரண்ட்ட அளக்கறது

வோல்டேஜ வெளிய இருந்து தொட்டுப் பாக்கலாம், கரண்ட்ட அப்படி பாக்க முடியாது. வட்டத்த ஒரு இடத்துல அறுத்து, அந்த இடைவெளியில மீட்டர சொருகி, எல்லாக் கரண்ட்டும் மீட்டர் வழியாவே போற மாதிரி பண்ணணும். சிவப்பு புரோப மில்லி ஆம்பியர் ஓட்டைக்கு மாத்துங்க, குமிழ டிசி ஆம்பியர் பக்கம் 200 மில்லி கிட்ட வைங்க. சில மீட்டர்ல வோல்ட்டுக்கும் மில்லி ஆம்பியருக்கும் ஒரே ஓட்டைதான், பாத்துக்கோங்க.

11-ல இருந்து நீல லைனுக்குப் போற ஜம்பர எடுத்துட்டு அந்த ரெண்டு இடத்துல புரோப வைங்க. 15 பக்கத்துல வரும். இப்ப ஜம்பர திரும்ப போட்டுட்டு, ரெசிஸ்டர் சிவப்பு லைன்ல இருக்கற கால மட்டும் வெளிய எடுத்து அந்த இடைவெளியில வச்சு அளங்க. அதே 15. எல்இடிக்கு முன்னாடி 15, பின்னாடியும் 15. வெளிச்சம் வந்துச்சு, ரெசிஸ்டர் சூடாச்சு, ஆனா கரண்ட் ஒரு துளி குறையல. சைக்கிள் செயின் மாதிரி நினைச்சுக்கோங்க. பெடல மிதிச்சா பின் சக்கரம் சுத்துது, வேலை நடக்குது, ஆனா செயின் எங்கயும் கரைஞ்சு போகல, மேல எவ்வளவு வேகத்துல போச்சோ கீழ அதே வேகத்துல திரும்பி வருது. தீர்ந்து போறது பேட்டரிக்குள்ள இருக்கற கெமிக்கல் சக்தி.

செயின்ல ஒரு கண்ணி மிதிக்கற இடத்துல இருந்து சக்கரத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் சக்கரம் காத்துக்கிட்டு இருக்கறதில்ல, இல்லையா. இங்கயும் அப்படித்தான். ஒரு சதுர மில்லிமீட்டர் தடிமன் காப்பர் ஒயர்ல 1 ஆம்பியர் போகும்போது எலெக்ட்ரான் சராசரியா ஒரு செகண்டுக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகருது, ஒரு மீட்டர் போய்ச் சேர மூணேமுக்கால் மணி நேரம் ஆகும். ஆனா எல்லா எலெக்ட்ரானும் ஒரே நேரத்துல நகர ஆரம்பிக்கறதால ஸ்விட்ச் போட்டதும் லைட் வந்துடுது. இன்னொரு வேடிக்கை, நாம பிளஸ்ல இருந்து மைனஸ்னு கரண்ட்ட வரையறோம், ஒயர்ல எலெக்ட்ரான் போறது அதுக்கு நேர் எதிரா. எலெக்ட்ரான ஜே. ஜே. தாம்சன் கண்டுபிடிச்சதே 1897-லதான், அதுக்கு ரொம்ப முன்னாடியே திசைய முடிவு பண்ணி கணக்கெல்லாம் போட்டு முடிச்சுட்டாங்க. கணக்குக்கு எந்த பாதகமும் இல்ல, பிளஸ்ல இருந்து மைனஸ்னே வச்சுக்கோங்க.

ரொம்ப முக்கியம்: கரண்ட் அளந்து முடிச்சதும் சிவப்பு புரோப வோல்ட் ஓட்டைக்கு உடனே திருப்பி மாத்திடுங்க. ஆம்பியர்ல இருக்கற மீட்டர் கிட்டத்தட்ட வெறும் ஒயர் மாதிரி, அத மறந்து பேட்டரி மேல வச்சா அது ஷார்ட் சர்க்யூட்தான், மீட்டர் உள்ள ஃபியூஸ் போயிடும். 10 ஆம்பியர்னு எழுதின ஓட்டைக்கு சின்ன மீட்டர்கள்ல பல நேரம் ஃபியூஸே இருக்காது, அது இன்னும் மோசம். எனக்குக் கேட்டா கரண்ட்ட நேரா அளக்கவே வேண்டாம். ரெசிஸ்டர் மேல வோல்டேஜ் எவ்வளவுன்னு பாத்து 470-ஆல வகுத்தா கரண்ட் வந்துடும், எதையும் அறுக்க வேண்டாம், ஃபியூஸும் பிழைக்கும். ஒரு தடவ நேரா அளந்து நம்பிக்கை வந்ததுக்கு அப்புறம் இந்தக் குறுக்கு வழிதான் எப்பவும்.

ரெசிஸ்டர மாத்திப் பாருங்க

470-ஐ எடுத்துட்டு 1 கிலோ ஓம் போடுங்க. கணக்குப்படி கரண்ட் 7 மில்லி ஆம்பியர், பாதிக்கும் கீழ. ஆனா வெளிச்சம் பாதியா குறைஞ்ச மாதிரி தெரியாது, கொஞ்சம் மங்கின மாதிரி இருக்கும் அவ்வளவுதான், கண்ணு அப்படித்தான் வேலை செய்யுது. 10 கிலோ ஓம் போட்டா வெறும் 0.7 மில்லி ஆம்பியர், அப்பவும் மினுக்குன்னு தெரியும். அடையாள லைட்டுக்கு 15 மில்லி ஆம்பியர் குடுக்கறதெல்லாம் வீண். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரில சுமாரா 500 மில்லி ஆம்பியர் மணிதான் (மில்லி ஆம்பியர் இன்டு மணி நேரம்) இருக்கும், 15-ல போட்டா ஒண்ணரை நாள்கூட தாங்காது, 1 கிலோ ஓம் போட்டா அதுவே ரெட்டிப்பு நேரம் வரும்.

பவர் கணக்கும் இங்கயே பாத்துடலாம். வோல்டேஜ கரண்ட்டால பெருக்கினா வாட். 470 ரெசிஸ்டர் மேல 7 வோல்ட், 15 மில்லி ஆம்பியர், ஆக 0.105 வாட். சாதாரணமா கிடைக்கற ரெசிஸ்டர் கால் வாட், தாங்கும். எல்இடிக்குப் போறது 2 வோல்ட் இன்டு 15 மில்லி, 0.03 வாட். அதாவது பேட்டரி குடுக்கறதுல முக்கால் பங்குக்கு மேல ரெசிஸ்டர சூடாக்கத்தான் போகுது.

வரிசையா போடறதும் பக்கத்துல போடறதும்

அந்த வீணாப் போறத குறைக்க ஒரு வழி இருக்கு. 470 ரெசிஸ்டரோட ரெண்டு சிவப்பு எல்இடிய ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மாட்டுங்க, முதல் எல்இடியோட குட்டைக் காலும் ரெண்டாவதோட நீளக் காலும் ஒரே வரிசையில வரணும். இப்ப எல்இடிங்க 4 வோல்ட் எடுத்துக்கும், மீதி 5, கரண்ட் 10.6 மில்லி ஆம்பியர். மூணு போட்டா மீதி 3 வோல்ட், 6.4 மில்லி ஆம்பியர், மூணுமே நல்லா எரியும், பேட்டரி சக்தில மூணுல ரெண்டு பங்கு எல்இடிக்கே போகுது. நாலு போட்டா மங்கிடும். அஞ்சு போட்டா கிட்டத்தட்ட அணைஞ்சே போகும், ஏன்னா அஞ்சுக்கும் சேர்த்து 10 வோல்ட் வேணும், கையில இருக்கறது 9. இது சீரீஸ். இதுல ஒண்ண புடுங்கினா எல்லாமே அணையும், வட்டம் அறுந்துடுச்சு.

பேரலல்னா ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் போட்டு சிவப்பு லைன்ல இருந்து நீல லைனுக்கு தனித்தனி வட்டமா போடறது. ரெண்டு கிளைக்கும் அதே 9 வோல்ட், ஒவ்வொண்ணுலயும் 15, பேட்டரில இருந்து மொத்தம் 30 மில்லி ஆம்பியர். ஒண்ண புடுங்கினாலும் இன்னொண்ணு பாட்டுக்கு எரியும். வீட்டு ஒயரிங்ல ஒரு ரூம் லைட்ட அணைச்சா மத்த ரூம் அணையாததுக்கு இதான் காரணம்.

சரி, ரெசிஸ்டர் ஒண்ண மிச்சம் பண்ணி ரெண்டு எல்இடிக்கும் பொதுவா ஒரே ரெசிஸ்டர் போட்டா என்ன? சிவப்பையும் வெள்ளையையும் அப்படிப் போட்டுப் பாருங்க. முதல்ல வெள்ளைய மட்டும் மாட்டுங்க, பளிச்னு எரியும், அதுக்கு மேல அளந்தா 3 வோல்ட் கிட்ட காட்டும். இப்ப அதுக்கு நேரா பக்கத்துலயே சிவப்ப சொருகுங்க. வெள்ளை பொசுக்குன்னு அணைஞ்சுடும். சிவப்பு மட்டும் எரியும். மீட்டர வைங்க, 2 காட்டும். ரெண்டு பேருக்கும் ரெண்டு முனையும் பொதுவா இருக்கறதால வோல்டேஜும் பொதுவாத்தான் இருக்க முடியும், சிவப்பு 2-லயே பிடிச்சு நிறுத்திடுது, வெள்ளைக்கு எரிய 3 கிட்ட வேணும், கிடைக்கல. வோல்டேஜ் ரெண்டு இடத்துக்கு நடுவுலன்னு மேல சொன்னது இப்ப கண்ணு முன்னாடி நடந்துச்சு. ஒரே கலர் எல்இடிங்கள்ளயும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், அதனால ஆளுக்கொரு ரெசிஸ்டர்னு வச்சுக்கறதுதான் நல்லது.

எரியலன்னா எப்படித் தேடறது

இது தெரிஞ்சுட்டா மத்ததெல்லாம் தானா வரும், அதனால இங்க கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க. பழைய முதல் சர்க்யூட்டையே போட்டு, சிவப்பு லைனுக்கும் ரெசிஸ்டருக்கும் நடுவுல ஒரு ஸ்விட்ச் சேர்த்துக்கோங்க, இல்லன்னா கழட்டி மாட்டற மாதிரி ஒரு ஜம்பர். கறுப்பு புரோப பேட்டரி மைனஸ்ல வச்சு அப்படியே பிடிச்சுக்கோங்க, அத நகர்த்தாதீங்க. சிவப்பு புரோப மட்டும் பிளஸ்ல இருந்து ஆரம்பிச்சு வட்டத்துல ஒவ்வொரு இணைப்பா நகர்த்துங்க. நல்லா எரியற சர்க்யூட்ல பேட்டரி பிளஸ்ல 9, ஸ்விட்ச் தாண்டி 9, ரெசிஸ்டர் தாண்டி 2, எல்இடி தாண்டி 0. இந்த நாலு நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க.

இப்ப வேணும்னே கெடுங்க. எல்இடிக்கும் நீல லைனுக்கும் நடுவுல இருக்கற ஜம்பர உருவிட்டு திரும்ப அளங்க. ஸ்விட்ச் தாண்டி 9. ரெசிஸ்டர் தாண்டியும் 9. 2 இருந்த இடத்துல 9 எப்படி வந்துச்சு? வட்டம் அறுந்ததால கரண்ட் 0, கரண்ட் 0-ன்னா ரெசிஸ்டர் மேல வோல்டேஜ் 0 இன்டு 470, அதுவும் 0. ரெசிஸ்டர் எதையும் எடுத்துக்கல, அதனால 9-ம் அப்படியே தாண்டி வந்துடுச்சு. எல்இடி தாண்டி அளந்தா ஒரு 7, ஏழரைன்னு ஏதோ காட்டும், அது எல்இடிய தாண்டி மீட்டர் இழுக்கற துளி கரண்ட்டால வர்றது. நீல லைன்ல 0. அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் உசரம், அந்தப் பக்கம் 0. எங்க திடீர்னு விழுதோ அங்கதான் அறுந்திருக்கு.

அறுந்த இடத்துலதான் அதிகமா வோல்டேஜ் காட்டும்ங்கறது முதல்ல ஏத்துக்க முடியாது, ஒயரே இல்லாத இடத்துல எப்படி வோல்டேஜ்னு தோணும். ஆனா வட்டத்துல இருக்கற மத்தவங்க யாரும் எதையும் எடுத்துக்காதப்ப முழுசும் அந்த இடைவெளியிலதானே வந்து நிக்கணும், கூட்டல் கணக்கு சரியா வரணுமே.

இதே மாதிரி ஒவ்வொரு தப்பா செஞ்சு நம்பர எழுதிக்கோங்க. எல்இடிய திருப்பிப் போட்டா அது மேல கிட்டத்தட்ட முழு 9 நிக்கும், எரியாது. கொஞ்ச நேரம் பாத்துட்டு சரியா திருப்பிடுங்க, எல்இடி தயாரிக்கறவங்க குடுக்கற டேட்டாஷீட்ல எதிர்த்திசைக்கு பொதுவா 5 வோல்ட்தான் போட்டிருப்பாங்க. எல்இடியோட ரெண்டு காலும் ஒரே வரிசையில இருந்தா அது மேல 0, ரெசிஸ்டர் மேல 9. ஸ்விட்ச் ஆன்ல இருக்கும்போது அதோட ரெண்டு பக்கமும் வச்சா 0 வரணும், அரை வோல்ட் ஒரு வோல்ட்னு காட்டினா ஸ்விட்ச் உள்ள கான்டாக்ட் சரியில்ல. டார்ச், பொம்மைன்னு பேட்டரில ஓடற பொருள்ல வர்ற கோளாறுல பெரும்பாலும் இந்த கான்டாக்ட் சமாச்சாரம்தான், பச்சையா துரு பிடிச்ச ஸ்பிரிங், தேஞ்சுபோன ஸ்விட்ச்.

ஒயர் மட்டும் சந்தேகம்னா பேட்டரிய கழட்டிட்டு மீட்டர பீப் சத்தம் போடற இடத்துல வச்சு ரெண்டு முனையையும் தொடுங்க. பேட்டரி மாட்டியிருக்கும்போது ஓம்லயும் பீப்லயும் அளக்கக் கூடாது, தப்பான நம்பர்தான் வரும், மீட்டருக்கும் கெடுதல்.

பேட்டரிய மீட்டர்ல பாத்தா எட்டரை காட்டுது ஆனா வேலை செய்யலன்னு ஒரு புகார் அடிக்கடி கேக்கலாம். சும்மா இருக்கும்போது அளந்தது அது. பழசான பேட்டரில உள் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும், கரண்ட் கேட்டதும் உள்ளயே வோல்டேஜ் விழுந்துடும். சர்க்யூட்ட ஓட விட்டுக்கிட்டே பேட்டரி மேல அளங்க, 6-க்கோ 5-க்கோ தொப்புன்னு இறங்கினா பேட்டரிதான் குற்றவாளி.

சுவத்துல இருக்கற பிளக் பாயின்ட்

இந்தப் பாடம் அங்க செல்லுபடியாகும், ஆனா கைய அங்க கொண்டு போகாதீங்க. மீட்டர கிலோ ஓம்ல வச்சு ரெண்டு புரோபையும் ரெண்டு கை விரலால இறுக்கிப் பிடிங்க, காஞ்ச கைன்னா சில நூறு கிலோ ஓமோ அதுக்கும் மேலயோ காட்டும். விரல நனைச்சுட்டு பிடிங்க, சர்ருன்னு இறங்கும். 9 வோல்ட்ட 100 கிலோ ஓமால வகுத்தா 0.09 மில்லி ஆம்பியர், தெரியவே தெரியாது. தோல் முழுசா நனைஞ்சு உடம்பு 2000 ஓமுக்கு வந்துச்சுன்னு வச்சு 230 வோல்ட்ட வகுத்தா 115 மில்லி ஆம்பியர். பத்து பதினஞ்சு மில்லி ஆம்பியர்லயே பிடிச்ச கைய விட முடியாம தசை இறுகிக்கும், ஆள் உயிரக் காக்கற டிரிப் ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர்ல துண்டிக்கற மாதிரி வச்சிருக்கறது சும்மா இல்ல. கரண்ட் கணக்கு போட மட்டும் மெயின்ஸ, அதாவது சுவத்து பிளக் கரண்ட்ட, எடுத்துக்கோங்க, கை வைக்கறது எலெக்ட்ரீஷியன் வேலை.

அடுத்து என்ன

9 வோல்ட்லயே இன்னும் நிறைய இருக்கு. முதல் சர்க்யூட்ல ரெசிஸ்டர் எல்இடி ரெண்டையும் சேர்த்து அதுக்குப் பக்கத்துல கரண்ட்ட கொஞ்சம் சேர்த்து வச்சுக்கிட்டு திருப்பிக் குடுக்கற கெப்பாசிட்டர் ஒண்ண, 1000 மைக்ரோஃபாரட்ல, பேரலலா மாட்டுங்க, 16 வோல்ட் ரேட்டிங் இருந்தா போதும், ஸ்விட்சுக்கு அப்புறம்தான் வரணும். ஸ்விட்ச அணைச்சா எல்இடி டக்குன்னு அணையாம மெதுவா மங்கும். அது மங்கும்போது எல்இடி வழியா போற கரண்ட்டுக்கு வட்டம் எதுன்னு விரலால தொட்டுக் காட்ட முடியுதான்னு பாருங்க, பேட்டரி அதுல இல்ல. மாட்டும்போது கெப்பாசிட்டர் உடம்புல கோடு போட்டிருக்கற பக்கம் மைனஸ், அது நீல லைனுக்குத்தான் போகணும், தலைகீழா போட்டா சூடாகி வெடிக்கும்.